பாயிண்டர் போதாத இடம்: கணினி கேள்வி–பதில்

எம்மேப் என்ற சிஸ்டம் காலைப் (இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்பு) பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன. கோப்பை நினைவகத்தில் மேப் செய்வது (அதன் உள்ளடக்கத்துக்கு நினைவக முகவரி கொடுப்பது) புரிகிறது, வன்பொருள் சாதனத்தை மேப் செய்தால் என்ன நடக்கிறது என்று கேட்கிறீர்கள். சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களை எழுதுவதே என் தொழில். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் பிசிஐ அட்டையின் (கணினியில் செருகும் விரிவாக்க அட்டை) ரிஜிஸ்டர்களை, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் சிறு பதிவிடங்களை, அதன் டிரைவர் வழியாக எம்மேப் செய்து, பாயிண்டர் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) மூலம் நேராகப் படிக்கிறோம். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலி) கணினிகளில் நன்றாக ஓடுகிறது. அதே நிரலை ஐபிஎம் மெயின்பிரேம் ஒன்றின் லினக்ஸில் கம்பைல் செய்து ஓட்டினால் எம்மேப் வெற்றி என்கிறது. ஆனால் அந்த முகவரியை முதல்முறை தொட்டதுமே நிரல் கொல்லப்படுகிறது. எங்கே கோளாறு?

பதில்: உங்கள் நிரலில் இல்லை. பாயிண்டரால் தொட்டால் சாதனம் பதில் சொல்லும் என்ற எதிர்பார்ப்பு எல்லாக் கணினிக்கும் பொருந்தாது, அவ்வளவுதான். அந்த எதிர்பார்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

1970-இல் வந்த பிடிபி-11 கணினியில் சாதனங்களுக்கென்று தனிக் கட்டளைகள் கிடையாது. முகவரி வெளியின் உச்சியில் 8 கிலோபைட் இடத்தைச் சாதன ரிஜிஸ்டர்களுக்கு விட்டிருந்தார்கள். நினைவகத்தில் ஒரு சொல்லை நகர்த்துகிற அதே கட்டளைதான் டெலிடைப்புக்கு எழுத்தை அனுப்பவும். யூனிக்ஸ் வளர்ந்தது அந்த இயந்திரத்தில். எக்ஸ்86 செயலிகளில் 65,536 போர்ட்டுகள் கொண்ட தனி வெளியும், அதற்கு 'இன்', 'அவுட்' என்ற தனிக் கட்டளைகளும் இன்றும் இருக்கின்றன. லினக்ஸில் சாதாரண நிரலுக்கு அந்தப் போர்ட்டுகளைத் திறந்துவிட 'ஐஓபெர்ம்' என்ற சிஸ்டம் கால் உண்டு. ஆனால் பிசிஐ அட்டைகளின் பெரும்பாலான ரிஜிஸ்டர்கள் அங்கேயும் நினைவக முகவரிகளாகவே தெரிகின்றன. ஆகவே நம்மில் பலர் கற்றுக்கொண்டது இந்த ஒரு வழியைத்தான்.

மெயின்பிரேமின் வம்சம் வேறு. 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360-இல் சாதனத்துக்கு நினைவக முகவரியே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு சிறு கட்டளைத் தொடராக எழுதிச் சேனல் என்ற தனிப் பகுதியிடம் செயலி கொடுத்துவிடும். சேனல் அதைச் செய்து முடித்துவிட்டுத் தகவல் சொல்லும். இப்படிப் பழகிய வம்சத்துக்கு லினக்ஸில் பிசிஐ ஆதரவு கிடைத்தது 2012-இல் வெளிவந்த இசட்இசி12 தலைமுறையில். அப்போதும் பிசிஐ வெளியை நினைவக முகவரிகளோடு கலக்காமல், 'பிசிஐ லோட்', 'பிசிஐ ஸ்டோர்' என்று தனிக் கட்டளைகளைச் சேர்த்தார்கள். எந்தச் சாதனம், அதன் எந்தப் பகுதி, அதில் எத்தனையாவது பைட் என்று மூன்றையும் அந்தக் கட்டளையிடம் சொல்ல வேண்டும். அவை சலுகைக் கட்டளைகள். கர்னலால் மட்டுமே இயக்க முடியும்.

எனவே உங்களுக்கு எம்மேப் திருப்பித் தந்த முகவரியின் பின்னால் சாதாரண லோட் கட்டளை போய்ச் சேரக்கூடிய எதுவும் இல்லை. அந்த முகவரி ஓர் அடையாளச் சீட்டு. அதைக் காட்டினால் கர்னல் தன் அட்டவணையில் பார்த்து, இது இன்ன அட்டையின் இன்ன பகுதி என்று கண்டுபிடித்துக்கொள்ளும். காட்டுவதற்கான வழியாக லினக்ஸ் 3.19-இல் இரண்டு சிஸ்டம் கால்கள் சேர்ந்தன: 'எஸ்390_பிசிஐ_எம்எம்ஐஓ_ரைட்', 'எஸ்390_பிசிஐ_எம்எம்ஐஓ_ரீட்'. இரண்டுக்கும் மூன்றே தகவல்கள் போதும்: மேப் செய்த சாதன முகவரி, உங்கள் நிரலின் சாதாரண பஃபர் (தரவு வைக்கும் நினைவக இடம்), பைட் கணக்கில் நீளம். சி நூலகத்தில் இவற்றுக்கு உறை கிடையாது. பொதுவான 'சிஸ்கால்' செயற்கூறு வழியே அழைக்க வேண்டும். எண்கள் முறையே 352, 353.

அழைத்தவுடன் கர்னல் முதலில் நீளத்தைச் சரிபார்க்கிறது. பிறகு அந்த முகவரி உண்மையிலேயே உங்கள் நிரலுக்கு மேப் செய்யப்பட்ட சாதனப் பக்கமா, எழுதுவதானால் எழுத அனுமதி உண்டா என்று பார்க்கிறது. எழுதும் அழைப்பில் உங்கள் பஃபரிலிருந்து தரவைத் தன் பக்கம் நகலெடுத்துக்கொள்ளும் (64 பைட் வரை அதற்கென்று தயாராக ஓர் இடம் உண்டு, அதைத் தாண்டினால் நினைவகம் ஒதுக்கும்). அதன் பிறகுதான் பிசிஐ ஸ்டோர் கட்டளையை இயக்குகிறது. உங்கள் குறியீட்டில் சாதனத்தைத் தொடும் ஒவ்வொரு பாயிண்டர் வரியையும் இந்த அழைப்புகளாக மாற்றுங்கள். அந்த வரிகள் பத்து கோப்புகளில் சிதறிக் கிடந்தால், ஒன்று படிக்க, ஒன்று எழுத என்று இரண்டே சிறு செயற்கூறுகளை எழுதி, எல்லாம் அவற்றின் வழியே போகும்படி முதலில் சீர் செய்யுங்கள். இந்த வேலை எக்ஸ்86-இலும் பயன் தரும் என்பதை அடுத்தடுத்த கடிதங்களில் பார்ப்பீர்கள்.

கேள்வி: ரீட் அழைப்பு சாதாரண 'ரீட்' போல எத்தனை பைட் படித்தது என்று திருப்பித் தருமா?

பதில்: தராது. வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் −1. பிழையின் காரணம் 'எர்நோ' என்ற மாறியில் இருக்கும். பாதி படித்தேன் என்ற பதிலே இல்லாததால், விடுபட்டதை மறுபடி படிக்கும் சுழற்சியை இங்கே எழுதாதீர்கள்.

கேள்வி: நான் கணினி அறிவியல் மாணவி. என்விஎம்இ அட்டை (வேகமான சேமிப்புச் சாதனம்) ஒன்றின் ரிஜிஸ்டர் பகுதியை மெயின்பிரேம் லினக்ஸில் மேப் செய்து, முதல் 8192 பைட்டையும் ஒரே ரீட் அழைப்பில் எடுத்துப் பார்க்க நினைத்தேன். 'இஇன்வேல்' (கொடுத்த மதிப்பு செல்லாது என்ற) பிழை வருகிறது. 4096 என்று கொடுத்தால் வேலை செய்கிறது. இரண்டு அழைப்புகளாகப் பிரித்துவிடட்டுமா?

பதில்: பிழைக்கான காரணத்தை நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். ஓர் அழைப்பு ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். பக்க அளவான 4096-ஐ நீளம் தாண்டக் கூடாது என்பதோடு, பக்கத்தின் எல்லையைக் குறுக்கே கடக்கவும் கூடாது. 4092-ஆவது பைட்டிலிருந்து 8 பைட் கேட்டாலும் இதே பிழைதான் வரும்.

ஆனால் இரண்டாவது அழைப்பைச் செய்யாதீர்கள். என்விஎம்இ தர ஆவணத்தை எடுத்து முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 0-இல் தொடங்கி 8 பைட்டுக்குச் சாதனத்தின் திறன்கள், 8-இல் பதிப்பு எண், 20-இல் கட்டுப்பாடு, 28-இல் நிலை. அந்த நிலை ரிஜிஸ்டரின் முதல் பிட்தான் சாதனம் தயார் என்று சொல்வது. இவை எல்லாம் தயங்காமல் படிக்கக்கூடியவை. 4096-ஆவது பைட்டில், அதாவது இரண்டாவது பக்கத்தின் முதல் பைட்டில், கதை மாறுகிறது. அங்கே தொடங்குபவை டோர்பெல் ரிஜிஸ்டர்கள். வரிசையில் புது வேலை வைத்திருக்கிறேன் என்று சாதனத்துக்குச் சொல்ல எழுதும் இடம் அது. அவற்றைப் படிக்க வேண்டாம் என்று தர ஆவணமே சொல்கிறது. படித்தால் வரும் மதிப்பு தயாரிப்பாளரைப் பொறுத்தது. அதை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதல் பக்கத்தைக்கூட மொத்தமாக அள்ளாமல், வேண்டிய ரிஜிஸ்டரை மட்டும் அதன் சரியான அகலத்தில் கேளுங்கள். பதிப்பு எண்ணா, 4 பைட். திறன்களா, 8 பைட். ஒரு தரவேடு (சாதனத்தின் விவரக் கையேடு) கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது, படிப்பதாலேயே நிலை மாறும் ரிஜிஸ்டர்களைத் தேடிச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவது. டிரைவரின் முதல் வரி அதற்குப் பிறகுதான். உங்கள் வயதிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பின்னாளில் எத்தனையோ இரவுகள் மிஞ்சும்.

கேள்வி: நாங்கள் எக்ஸ்86, ஆர்ம் பலகைகளில் மட்டுமே வேலை செய்கிறோம். 'மெம்காப்பி' (நினைவகத்தை மொத்தமாக நகலெடுக்கும் செயற்கூறு) போட்டால் தரவு வந்துவிடுகிறது. படிப்பதைப் போய் இவ்வளவு பெரிய விஷயமாக்குவது ஏன்?

பதில்: இந்தக் கடிதத்துக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து சாதன நிரல்களில் கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழைகள் இந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன.

எல்லோரும் அறிந்த 16550 சீரியல் சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ரிஜிஸ்டர்கள் மொத்தமே எட்டு இடங்கள், ஒவ்வொன்றும் ஒரு பைட். ஆர்ம் பலகைகள் பலவற்றிலும் இதே அமைப்பு நினைவக முகவரிகளில் வந்து உட்கார்ந்திருக்கும். 0-ஆவது இடத்தைப் படித்தால், வந்து காத்திருக்கும் எழுத்து கிடைக்கும். கிடைத்த அந்த நொடியே அது சிப்பின் 16 பைட் வரிசையிலிருந்து நீங்கிவிடும். அதே 0-இல் எழுதினால் அது வெளியே அனுப்பப்படும் எழுத்து. இன்னொரு ரிஜிஸ்டரில் டிஎல்ஏபி என்ற பிட்டை ஏற்றிவிட்டால், அதே 0 வேக வகுத்தியின் கீழ்ப் பைட்டாகிவிடும். ஒரு முகவரியில் மூன்று பொருள்கள். 5-ஆவது இடமான எல்எஸ்ஆர் வரிநிலையைச் சொல்லும். எழுத்து தொலைந்தது, சமநிலைப் பிழை (பாரிட்டி பிழை) நேர்ந்தது என்ற குறிகள் அதில் இருக்கும். அவற்றைப் படித்தவுடனே குறிகள் அழிந்துவிடும். 2-ஆவது இடத்தைப் படித்தால், அனுப்பும் பஃபர் காலி என்று சிப் எழுப்பிய குறுக்கீடு தணிந்துவிடும்.

இப்போது, என்ன நடக்கிறது என்று பார்ப்போமே என்று இந்த எட்டுப் பைட்டையும் மெம்காப்பியால் அள்ளுகிறீர்கள். ஓர் எழுத்து போயிற்று, பிழைக்குறிகள் போயின, குறுக்கீடும் போயிற்று. சிக்கலைப் பார்க்கச் செய்த காரியமே சிக்கலின் தடயங்களை அழித்துவிட்டது. கையில் ஒரே ஒரு நகல் இருக்கிறது. டிரைவருக்கோ இவையெல்லாம் வந்ததே தெரியாது.

இதைவிட மறைவான ஒன்று உண்டு. எக்ஸ்86-இல் லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியின் மெம்காப்பி 12 பைட்டை எப்படி நகலெடுக்கிறது தெரியுமா? முதல் 8 பைட்டை ஒரு கட்டளையிலும், கடைசி 8 பைட்டை இன்னொரு கட்டளையிலும் எடுக்கிறது. நடுவில் உள்ள 4 பைட் இரண்டு முறை படிக்கப்பட்டு இரண்டு முறை எழுதப்படுகிறது. நினைவகத்தில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை, வேகம்தான் கூடும். அந்த நடு 4 பைட் ஒரு டோர்பெல்லாக இருந்தால், சாதனத்தின் கதவு இரண்டு முறை தட்டப்படும். ஆர்மில் சாதன நினைவகம் என்று குறிக்கப்பட்ட பகுதியில் சீரமைவு தவறிய (படிக்கும் அளவின் மடங்காக இல்லாத) முகவரியைத் தொட்டாலே செயலி பிழை எழுப்பும். அதனால் அங்கே இதே மெம்காப்பி உங்கள் நிரலைக் கொன்றுவிடவும் கூடும்.

கம்பைலரும் தன் பங்குக்குச் செய்யும். எல்எஸ்ஆரில் 32 மதிப்புள்ள பிட் ஏறும் வரை சுற்றிக்கொண்டிரு என்று சாதாரணப் பாயிண்டரில் எழுதினால், மதிப்பை ஒரே முறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றுகிற குறியீட்டை உருவாக்க அதற்கு உரிமை உண்டு. இடையில் யாரும் அந்த நினைவகத்தை மாற்றவில்லை என்பது அதன் கணக்கு. 'வோலட்டைல்' என்று குறித்தால் இந்த ஒன்று தீரும். ஆனால் செயலியும், அதைச் சாதனங்களோடு இணைக்கும் பாதையான பஸ்ஸும் வரிசையை மாற்றாமல் இருக்க அது உத்தரவாதம் தராது.

மெயின்பிரேமின் அந்த இரண்டு சிஸ்டம் கால்களை நான் மதிப்பது இதனால்தான். அவை சாதனத்தைத் தொடுவதை ஒரு செயலாகவே நடத்துகின்றன. எங்கே, எவ்வளவு, எப்போது என்று நிரலாளர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சரியாகச் சீரமைந்த 12 பைட்டைக் கொடுத்தால் கர்னல் அதை ஒன்றன்மேல் ஒன்று படியாத துண்டுகளாகவே படிக்கும்: 8, அப்புறம் 4. கம்பைலர் அந்த அழைப்பை விழுங்கிவிடவும் முடியாது. எக்ஸ்86-இலும் ஆர்மிலும் இந்த ஒழுங்கை யாரும் உங்கள் மேல் திணிக்க மாட்டார்கள். நீங்களாகக் கொண்டுவர வேண்டும். வோலட்டைல் பாயிண்டரை உள்ளே வைத்து, 8, 16, 32, 64 பிட் அகலங்களுக்குத் தனித்தனிச் சிறு செயற்கூறுகள் எழுதுங்கள். மெம்காப்பியைச் சாதனப் பகுதியின் பக்கமே விடாதீர்கள்.

கேள்வி: மோட்டாரை நிறுத்தும் ரிஜிஸ்டரில் எழுதுகிறேன், உடனே நேரத்தை அளக்கிறேன். எழுதி முடித்ததாக நிரல் சொல்லும் நேரத்துக்குப் பிறகும் மோட்டார் சற்று ஓடுகிறது. கர்னல் தாமதமா?

பதில்: பிசிஐ பஸ்ஸில் எழுதுவது தபால் போடுவது மாதிரி. பெட்டியில் போட்டதும் செயலி தன் வேலையைப் பார்க்கப் போய்விடும், கடிதம் போய்ச் சேரும் வரை நிற்காது. படிப்பது அப்படி இல்லை, பதில் வரும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். முன்னால் எழுதி அனுப்பியவற்றை முந்திக்கொண்டு அதே சாதனத்துக்கு ஒரு வாசிப்பு போக முடியாது என்று பிசிஐ விதி இருப்பதால், நிறுத்து என்று எழுதியதும் அதே அட்டையில் பக்கவிளைவு இல்லாத ஒரு ரிஜிஸ்டரைப் படியுங்கள். அந்த வாசிப்பு திரும்பி வந்துவிட்டால் எழுதியது அட்டையைச் சேர்ந்துவிட்டது என்று உறுதி. நேரத்தை அங்கிருந்து அளங்கள். அதற்குப் பின்னும் மோட்டார் ஓடினால் அது மின்சாரமும் இயக்கவியலும் எடுக்கும் நேரம், மென்பொருளால் குறைக்க முடியாது.

இதே வாசிப்பு உங்களுக்கு இன்னொரு காரியத்துக்கும் உதவும். அட்டை பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டால் எக்ஸ்86-இல் பாயிண்டர் வாசிப்பு பொதுவாக எல்லாப் பிட்டும் 1 என்ற மதிப்பைத் தரும், பிழை என்று எதுவும் வராது. மோட்டாரை நிறுத்துகிற நிரலில் இந்த மதிப்பைத் தனியாகச் சோதிப்பது கட்டாயம். சிஸ்டம் கால் வழியே போனால் தோல்வியைச் சொல்லத் திருப்பும் மதிப்பு என்று ஒன்று இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு ரிஜிஸ்டருக்கும் கர்னலுக்குள் போய்வருவது வேகத்தைக் கொன்றுவிடாதா? எங்கள் வேலை அதிவேக வலையமைப்பு அட்டைகளில்.

பதில்: செலவு உண்டு, மறுக்கவில்லை. அதிவேக அட்டைகளை நிரல் நேரடியாக இயக்குவதன் நோக்கமே கர்னலைத் தாண்டிச் செல்வது. டோர்பெல் தட்ட ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போக வேண்டும் என்றால் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி போய்விடும். 2019-இல் வந்த இசட்15 தலைமுறையில் இதற்கு விடை கிடைத்தது. நினைவக முகவரியையே எடுத்துக்கொள்ளும் புதிய பிசிஐ கட்டளைகள் அதில் சேர்ந்தன. சாதாரண நிரலும் அவற்றை இயக்கலாம். அப்போதும் அவை தனிக் கட்டளைகள்தான். பழைய பாயிண்டர் வரி அங்கே தானாக வேலை செய்துவிடாது. உங்கள் நிரல் பழைய இயந்திரத்திலும் ஓட வேண்டுமானால், தொடக்கத்திலேயே புதிய கட்டளைகள் உண்டா என்று பார்த்து, இல்லாவிட்டால் சிஸ்டம் காலுக்குத் திரும்புங்கள். முதல் பதிலில் சொன்ன அந்த இரண்டு சிறு செயற்கூறுகளுக்குள் இதை வைத்துவிட்டால் மற்றக் குறியீட்டைத் தொடவே வேண்டாம்.

அதற்கும் முன்னால், ரிஜிஸ்டரை ஏன் அடிக்கடி படிக்கிறீர்கள் என்று உங்கள் குறியீட்டைக் கேளுங்கள். எந்தக் கணினியிலும் சாதன வாசிப்பு பஸ்ஸைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும், அதுவரை அந்த மதிப்புக்காக நிரல் காத்திருக்க வேண்டும். நல்ல அட்டைகள் தரவையும், முடிந்த வேலைகளின் கணக்கையும் தாங்களே உங்கள் நினைவகத்தில் எழுதிவிடும். நீங்கள் படிக்க வேண்டியது அங்கேதான். சாதனத்துக்கு மிஞ்சுவது டோர்பெல்லில் ஒரு முறை எழுதுவது மட்டும். அப்படி எழுதுவதற்கு முன்னால், வேலை விவரங்கள் நினைவகத்தில் முழுமையாகத் தெரிந்துவிட்டன என்று உறுதி செய்யும் தடைக் கட்டளையைப் போட மறக்காதீர்கள்.

கேள்வி: 'டெவ்/மெம்' கோப்பைத் திறந்து இயற்பியல் முகவரியில் எதையும் படிக்கலாமே, இத்தனை வழிகள் எதற்கு?

பதில்: சோதனை மேசையில் உங்கள் சொந்தப் பலகை என்றால் சரி. பிறர் பயன்படுத்தப்போகும் நிரலில் வேண்டாம். ஒரு முகவரி தவறினால் அது இன்னொரு சாதனத்தின் ரிஜிஸ்டராக இருக்கும். இப்போதைய கர்னல்கள் பலவும் 'ஸ்ட்ரிக்ட் டெவ்மெம்' அமைப்போடு வருவதால் சாதாரண நினைவகத்தை அந்த வழியாகத் தொட முடியாது. இன்னொரு அமைப்பையும் சேர்த்து இயக்கியிருந்தால், டிரைவரின் பிடியில் இருக்கும் சாதனப் பகுதிகளையும் தொட முடியாது.

அட்டையின் அடையாளம் மட்டும் வேண்டுமா? 'சிஸ்' கோப்பு அமைப்பில் அந்த அட்டைக்கான 'கான்ஃபிக்' கோப்பைச் சாதாரண 'பிரீட்' அழைப்பால் படியுங்கள். முதல் 64 பைட்டுக்குச் சிறப்பு அனுமதிகூடத் தேவையில்லை. தயாரிப்பாளர் எண் முதல் 2 பைட்டில், சாதன எண் அடுத்த 2 பைட்டில் கிடைக்கும். நிரலே அட்டையை முழுதாக இயக்க வேண்டுமானால் லினக்ஸ் 3.6-இல் வந்த 'விஎஃப்ஐஓ'வைப் பயன்படுத்துங்கள். ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் வன்பொருள்) துணையோடு, அட்டை உங்கள் நிரலின் நினைவகத்தைத் தவிர வேறெங்கும் கை வைக்காமல் அது காக்கும். அதில் சாதனப் பகுதியை எம்மேப் செய்ய முடியாத இடத்தில் 'பிரீட்', 'பிரைட்' அழைப்புகளாலேயே ரிஜிஸ்டரைப் படிக்கவும் எழுதவும் வழி உண்டு. உங்கள் அட்டைக்குக் கர்னலில் ஏற்கெனவே டிரைவர் இருந்தால் முதலில் அதன் குறியீட்டைப் படியுங்கள். தரவேட்டில் இல்லாத தகவல்கள் பலவும் அதன் குறிப்புகளில் கிடைக்கும்.